எரியோட்டு அரசு லேப்டாப்பும் 'டிடெக்ட் ஆகாத' வன்பொருளும்

கணினியில் புதிதாக ஓ.எஸ். போடும்போது ஹார்டு டிஸ்க் தெரியவில்லை, வைஃபை வரவில்லை, டச்பேட் அசையவில்லை என்றால் பழி முதலில் விழுவது போடப்படும் ஓ.எஸ். மேல்தான். பெரும்பாலும் அது நியாயமில்லை. ஒரு வன்பொருள் திரையில் பெயராகத் தெரிவதற்கு முன் நான்கு படி தாண்ட வேண்டும். அதற்கு மின்சாரம் போய்ச் சேர்ந்து, கம்பியும் முனையும் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். கணினி எழும்பியதும் முதலில் ஓடும் பயாஸ் அதைக் கண்டு, ஓ.எஸ். கண்ணில் படும்படி திறந்து வைத்திருக்க வேண்டும். ஓ.எஸ். அதன் அடையாள எண்ணைப் படித்து, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடி எடுக்க வேண்டும். கடைசியாக, சில பொருள்களுக்கு ஃபர்ம்வேர் என்ற சிறு கோப்பையும் உள்ளே ஏற்ற வேண்டும். 'டிடெக்ட் ஆகல' என்று ஒரே சொல்லில் சொல்லப்படும் கோளாறு இந்த நான்கில் ஏதோ ஓரிடத்தில்தான் இருக்கிறது. எந்தப் படியில் பொருள் காணாமல் போனது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அது தெரியாமல் திரும்பத் திரும்ப ஃபார்மட் அடிப்பதால் நேரம் போகிறது, சில வேளை பழைய கோப்புகளும் போகின்றன.

இந்தப் பிரச்சினை எரியோடு மாதிரியான ஊர்களில் இப்போது அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் என்ற அரசு நிறுவனம் கொள்முதல் செய்து, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு வழங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. வேடசந்தூர் வட்டத்தில், திண்டுக்கல்–கரூர் ரயில் பாதையில் இருக்கும் எரியோடு பேரூராட்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் அப்படி வந்ததுதான் பல குடும்பங்களின் முதல் கணினி. ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அதற்கும் முன்பே, சி. உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், அந்நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியிருந்தது. எனவே அரசு வாங்கும் கணினியில் லினக்ஸ் ஓடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வந்த லேப்டாப்கள் அந்தத் தகுதிக்குள் வரா. ஆனால் அவை இன்னும் உழைக்கக்கூடியவை. நினைவகத்தைக் கூட்டி, ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டி, உபுண்டுவோ டெபியனோ லினக்ஸ் மின்ட்டோ போட்டால் தம்பி தங்கைகளின் படிப்புக்குத் தாராளமாகப் போதும். பரண்மேல் கிடக்கும் லேப்டாப்பை இறக்கி உட்காரும் அந்த இடத்தில்தான் 'டிடெக்ட் ஆகல' என்ற சொல் வருகிறது.

இந்த லேப்டாப்களுக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் ஒரே ஆண்டில் படித்தவர்களின் கையில் பெரும்பாலும் ஒரே மாதிரி மாடல்தான் இருக்கும். ஒரு வீட்டில் வைஃபைக்குத் தீர்வு கிடைத்தால் அதே தீர்வு பெரும்பாலும் அடுத்த தெருவுக்கும் பொருந்தும். கண்டுபிடித்ததை ஒரு நோட்டில் எழுதி வைப்பது இங்கே வேறெங்கும் விட அதிகப் பயன் தரும்.

முதல் படி கை வேலை. எரியோட்டையும் வேடசந்தூரையும் சுற்றி நூற்பாலைகள் நிறைய. ஆலையிலும் ஆலையை ஒட்டிய அலுவலகத்திலும் இருக்கும் கணினியைத் திறந்தால், விசிறியின் இறக்கைகளிலும் நினைவகத் துளையிலும் பஞ்சுத் தூசி மெல்லிய சாம்பல் நிறப் படலமாக ஒட்டியிருக்கும். மின்கம்பியைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்னேற்றத்தை வடியவிட்ட பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். ரேம் பட்டையின் இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கினால் லேப்டாப்பில் அது சாய்வாக எழும்பி நிற்கும். அதன் தங்கநிற முனைகள் மங்கிப்போயிருந்தால், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, உதிர்ந்த துகளைத் தூரிகையால் தட்டிவிட்டு மாட்டினால் போதும். சாய்வாகச் செருகி அழுத்தும்போது இரு கொக்கியும் 'டக்' என்று பூட்டுவது காதில் விழ வேண்டும். 4 ஜி.பி. இருக்க வேண்டிய இடத்தில் 2 ஜி.பி. காட்டுவது, நிறுவல் பாதியில் உறைந்து நிற்பது, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வருவது ஆகியவற்றில் கணிசமானவை இந்த ஒரு வேலையிலேயே தீரும். டெஸ்க்டாப்பில் சாட்டா கம்பியும் அப்படித்தான். தளர்ந்த கம்பியை மாற்றாமல் புது ஹார்டு டிஸ்க் வாங்கப் போகக் கூடாது.

அடுத்தது பயாஸ். கணினி எழும்பும்போது எஃப்2 அல்லது டெலீட் விசையை அழுத்தி உள்ளே போனால், டிஸ்கின் பெயரும் ரேமின் அளவும் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். இங்கே டிஸ்கின் பெயர் இல்லாவிட்டால் எந்த ஓ.எஸ். போட்டாலும் அது வரப்போவதில்லை. கோளாறு கம்பியிலோ டிஸ்கிலோ போர்டிலோ இருக்கிறது. பெயர் இங்கே இருந்து நிறுவியில் மட்டும் இல்லாவிட்டால் வன்பொருள் பிழைத்திருக்கிறது என்று பொருள், இனித் தேட வேண்டியது அமைப்பையும் டிரைவரையும்தான். விரல் வைத்துப் பார்க்கும் இந்த ஒரு சோதனை பாதிச் சந்தேகங்களை ஒரே நொடியில் ஒதுக்கிவிடுகிறது.

பயாஸில் தேதியையும் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரி 1-ஐக் காட்டினால், போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் இது வெறும் கடிகாரப் பிரச்சினையாக நிற்பதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் போகும்போதும் பயாஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும். டிஸ்கோடு பேசும் முறை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ஐ.டி.இ.க்கு மாறிப்போகலாம். நேற்று எழும்பிய விண்டோஸ் இன்று நீலத்திரையோடு நிற்கும். நிறுவும்போது இணையத்திலிருந்து இறக்க வேண்டியவையும் 'சான்றிதழ் செல்லாது' என்று மறுக்கப்படும், கணினியின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. மின்னணுக் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்டரி இது, ஓ.எஸ். போடுவதற்கு முன் அதை மாற்றிவிடுவதுதான் முறை.

ஓ.எஸ். நிறுவப் பயன்படும் பென் டிரைவே டிடெக்ட் ஆகாமலோ பாதியில் நின்றோ போவதும் உண்டு. இறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பின் எஸ்.எச்.ஏ. 256 எண்ணைச் சரிபார்க்காமல் எழுதினால், பாதி வழியில் அறுந்த கோப்பு நிறுவலின் நடுவில் காலை வாரும். அலைபேசி டேட்டாவில் இறக்கும்போது இது இன்னும் அதிகம். பழைய போர்டுகளில் நீல நிற யு.எஸ்.பி. 3 துளையை விடக் கறுப்பு நிற யு.எஸ்.பி. 2 துளையில் செருகுவது பாதுகாப்பு. பென் டிரைவ் லெகசி என்ற பழைய பூட் முறையில் எழுதப்பட்டு, கணினி யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில் மட்டும் எழும்பும்படி இருந்தால் பூட் பட்டியலிலேயே அது வராது. டிஸ்கின் பிரிவினை அட்டவணை ஜி.பி.டி.யாக இருந்து பென் டிரைவ் லெகசியில் எழும்பினால், டிஸ்க் தெரியும், ஆனால் 'இதில் நிறுவ முடியாது' என்று விண்டோஸ் சொல்லும். உடனே டிஸ்கைத் துடைக்க வேண்டாம். பென் டிரைவை யு.இ.எஃப்.ஐ. முறையில் எழுதினாலே போதும். மிகப் பழைய 32 பிட் கணினிகளுக்குத் தேர்வு சுருங்கிவிட்டது. உபுண்டு 2017-லேயே 32 பிட் டெஸ்க்டாப் ஐ.எஸ்.ஓ.வை நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கும் 32 பிட் நிறுவி கிடையாது. டெபியன் வேண்டுமென்றால் அவற்றுக்கு 12-ஆம் பதிப்புதான் கதி.

பயாஸில் டிஸ்க் தெரிந்து நிறுவியில் தெரியாமல் போகும் கதைக்கு இரண்டு தலைமுறை வரலாறு இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் சாட்டா டிஸ்குக்கு எஃப்6 விசையை அழுத்தி, பிளாப்பியிலிருந்து டிரைவரை ஏற்ற வேண்டியிருந்தது. இன்று அதே வேலை பென் டிரைவில் நடக்கிறது. இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் வி.எம்.டி. என்ற அமைப்பு இயங்குநிலையிலேயே வருகிறது. அது என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.யைத் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளும். வி.எம்.டி.க்கான டிரைவர் இல்லாத விண்டோஸ் நிறுவி வெற்றுப் பட்டியலைக் காட்டும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் வைத்து, 'லோட் டிரைவர்' என்ற பொத்தானை அழுத்திக் காட்டினால் டிஸ்க் உடனே வரிசையில் வந்து நிற்கும். இன்னொரு வழி, பயாஸில் வி.எம்.டி.யை அணைப்பது. ஏசர் லேப்டாப்கள் பலவற்றில் அந்தத் தெரிவு கண்ணில் படாது. பயாஸின் 'மெயின்' பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால்தான் அது வெளியே வரும்.

ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் கணினியில் இந்த முறையைத் திடீரென்று மாற்றக் கூடாது. டிஸ்கைத் திறக்கும் டிரைவர் மாறிவிடுவதால் பழைய விண்டோஸ் எழும்ப மறுத்து நீலத்திரை காட்டும். முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் எழும்பும்படி அமைத்து, பிறகு பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழும்பவிட்டு, பழைய நிலைக்குத் திருப்பினால் சிக்கல் வராது. இரண்டு ஓ.எஸ். வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் தவறவிடும் இடம் இது.

விண்டோஸ் 7-தான் வேண்டும் என்று கேட்கும் கடைகளும் ஆலை அலுவலகங்களும் இன்னும் இருக்கின்றன. பழைய பில்லிங் சாஃப்ட்வேர் அதில்தான் பழகியிருக்கும். 2009-ல் வந்த அந்த ஓ.எஸ்.ஸுக்கு யு.எஸ்.பி. 3-ஐ இயல்பாகத் தெரியாது. 2015-ல் வந்த இன்டெல் ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து பழைய யு.எஸ்.பி. 2 கட்டுப்பாட்டுச் சுற்றே எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் நிறுவியின் முதல் திரையிலேயே கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடக்கும், அல்லது 'சி.டி. டிரைவுக்கான டிரைவர் இல்லை' என்ற விசித்திரமான செய்தி வரும். சி.டி.யே இல்லாத கணினியில் அந்தச் செய்தி ஆளைக் குழப்பும். நிறுவி கேட்பது உண்மையில் பென் டிரைவைப் படிக்கத் தேவையான யு.எஸ்.பி. 3 டிரைவரைத்தான். அதை ஐ.எஸ்.ஓ.வுக்குள் சேர்த்துத் தரும் கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் ஆதரவு முடிந்த ஓ.எஸ்.ஸை இணையத்தோடு இணைத்து, அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது யாருக்கும் நல்லதில்லை.

திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டால் பயப்படத் தேவையில்லை. லினக்ஸ் பென் டிரைவின் பூட் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, கெர்னல் (லினக்ஸின் மையக்கரு) வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்து எழுப்பினால், கிராபிக்ஸ் டிரைவரைத் தொடாமல் எளிய காட்சியோடு திறக்கும். நிறுவி முடித்த பிறகு சரியான டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம். சில பதிப்புகளின் பட்டியலில் 'பாதுகாப்பான கிராபிக்ஸ்' என்ற பெயரில் இதே வழி தயாராக இருக்கும்.

இனி அடையாள எண். பி.சி.ஐ. வழியாக இணையும் ஒவ்வொரு பொருளும் இரண்டு எண்களைச் சுமந்து வருகிறது: ஒன்று தயாரிப்பாளருடையது, இன்னொன்று பொருளுடையது. இன்டெலின் எண் 8086. 1978-ல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசஸரின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஏ.எம்.டி.யுடையது 1022, ரியல்டெக்குடையது 10இசி. டிரைவர்கள் தங்களுக்குத் தெரிந்த எண்களின் பட்டியலை வைத்திருக்கின்றன. கெர்னல் இரண்டையும் பொருத்திப் பார்த்து டிரைவரை அழைக்கிறது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனென்றால் கடைகளில் ஒரே மாடல் பெயரில் விற்கும் லேப்டாப்களில்கூட வெவ்வேறு வைஃபை அட்டைகள் இருப்பது சர்வ சாதாரணம். லினக்ஸில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'என்என்' தெரிவோடு கொடுத்தால் சதுர அடைப்புக்குறிக்குள் அந்த எண்கள் வரும்; யு.எஸ்.பி. பொருள்களுக்கு 'எல்எஸ்யுஎஸ்பி'. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கும் பொருளின் பண்புகளில் 'டீடெய்ல்ஸ்' பக்கத்துக்குப் போய் 'ஹார்டுவேர் ஐடி'யைத் தேர்ந்தால் அதே எண்கள் 'வென்', 'டெவ்' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும். கோடு 28 என்றால் டிரைவரே இல்லை. கோடு 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் பொருள் ஓடத் தொடங்கவில்லை. பிறரிடம் உதவி கேட்கும்போது 'வைஃபை வரல' என்பதற்குப் பதில் இந்த எண்ணைச் சொன்னால் பதில் அன்றே கிடைக்கும்.

வைஃபைதான் லினக்ஸ் போடுகிறவர்களை அதிகம் அலைக்கழிப்பது. எண் தெரிகிறது, டிரைவரும் ஏறுகிறது, ஆனாலும் வலைப்பின்னல் பட்டியல் காலி என்றால் 'டிமெஸ்ஜி' கட்டளையின் வரிகளில் ஃபர்ம்வேர் ஏறவில்லை என்ற புகார் இருக்கிறதா என்று தேட வேண்டும். அட்டைக்குள் இருக்கும் சிப்புக்கு அதன் தயாரிப்பாளர் தரும் மூடிய கோப்பு அது. கட்டற்ற மென்பொருளில் உறுதியாக இருந்த டெபியன் நெடுங்காலம் இந்தக் கோப்புகளைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்கவில்லை. கிராமத்தில் வைஃபைக்காக ஃபர்ம்வேரை இறக்க வேண்டும், இறக்க வைஃபை வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வர வேண்டியிருந்தது. 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவை மாற்றினார்கள். 2023 ஜூன் 10 அன்று வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே அவை இருக்கின்றன. கொள்கையை விட்டுக்கொடுத்தார்கள் என்று வருந்தியவர்கள் உண்டு. ஆனால் கேபிள் இணைப்பே இல்லாத வீடுகளுக்கு அந்த முடிவு செய்த நன்மை பெரிது. டெபியனின் வரைகலை நிறுவியில் தமிழையும் தேர்ந்துகொள்ளலாம் என்பது கூடுதல் மகிழ்ச்சி.

டிரைவரே கெர்னலில் இல்லாவிட்டால் பதிப்பைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மலிவு லேப்டாப்களில் பரவலாக இருக்கும் ரியல்டெக் 8821சிஇ அட்டைக்கான டிரைவர் 2020-ல் வந்த 5.9 கெர்னலில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்போடு மல்லுக்கட்டுவதை விடப் புதிய ஐ.எஸ்.ஓ.வை எடுத்துக்கொள்வது எளிது. தனியாக டிரைவரைத் தொகுத்துப் போட்டால் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு அதைக் கையெழுத்தில்லாதது என்று தடுக்கும். நிறுவும்போது கேட்கும் கடவுச்சொல்லை நினைவில் வைத்து, மறுபடி எழும்பும்போது வரும் நீலப் பட்டியலில் அதைக் கொடுத்துச் சாவியைப் பதிவு செய்தால் தடை நீங்கும். அந்தத் திரையை அவசரத்தில் தாண்டிவிட்டால் டிரைவர் இருந்தும் இல்லாத கணக்குதான்.

வைஃபை தடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்ற கட்டளை காட்டும். மென்தடை என்றால் ஒரு கட்டளையிலோ எஃப்.என். விசையிலோ விலகும். வன்தடை என்றால் லேப்டாப்பின் பக்கவாட்டில் சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். சில லெனோவோ மாடல்களில் சுவிட்சே இல்லாமல் வன்தடை என்று காட்டும். 'ஐடியாபேட் லேப்டாப்' என்ற கெர்னல் கூறு இல்லாத சுவிட்சைப் படிக்க முயல்வதால் வரும் குழப்பம் அது. அந்தக் கூறை நீக்கினால் வைஃபை வந்துவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில் இணையம் வேண்டுமென்றால் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் போதும். சார்ஜர் கம்பியால் லேப்டாப்போடு இணைத்து, போனின் அமைப்பில் யு.எஸ்.பி. டெதரிங்கை இயக்கினால் லினக்ஸ் அதைக் கம்பி வழி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் எதுவும் கேட்காது. ஊரில் பிராட்பேண்ட் இல்லாதவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை.

டச்பேட் அசையாவிட்டால் பயாஸில் அதற்கு 'அட்வான்ஸ்டு', 'பேசிக்' என்ற இரண்டு முறைகள் இருக்கிறதா என்று பார்த்து மாற்றலாம், அதுவரை யு.எஸ்.பி. மவுஸால் வேலையை முடிக்க வேண்டியதுதான். ஒலி அமைப்பில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் வந்தால் புதிய இன்டெல் சிப்களுக்கு சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர் தொகுப்பு விடுபட்டிருக்கும்.

இத்தனையையும் டிஸ்கைத் தொடாமலே சோதிக்க முடியும். பென் டிரைவிலிருந்து லைவ் முறையில் எழுப்பி வைஃபை, ஒலி, கேமரா, ஒளி அளவு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000-ல் வெளியிட்ட நாப்பிக்ஸ், சி.டி.யிலிருந்தே எழும்பித் தானாக வன்பொருளைக் கண்டுகொண்டு ஓடிய ஓ.எஸ்.; அதன் வழியில் வந்த வசதி இது. பழைய விண்டோஸ் இன்னும் இருந்தால், துடைப்பதற்கு முன் அதன் டிவைஸ் மேனேஜரில் ஹார்டுவேர் ஐடிகளைக் குறித்துக்கொள்வதும் இதே நேரத்தில் செய்ய வேண்டியது.

லேப்டாப்புக்கு வெளியே இருப்பவற்றையும் இதே கட்டத்தில் கவனித்துக்கொள்ள வேண்டும். ஜெராக்ஸ் கடைகளில் நிறையப் பார்க்கக் கிடைக்கும் கேனான் எல்.பி.பி. 2900 பிரின்டரை லினக்ஸில் செருகினால் 'எல்எஸ்யுஎஸ்பி'யில் பெயர் சரியாக வரும், ஆனால் தாள் வராது. அது கேனானின் சொந்த 'கேப்ட்' நெறிமுறையில் பேசுகிறது, அதற்கெனத் தனி டிரைவர் போட வேண்டும். ஆதார் சார்ந்த சேவைகளுக்கான கைரேகைக் கருவி வைத்திருப்பவர்கள், அதன் சேவை மென்பொருள் எந்த ஓ.எஸ்.ஸுக்கு வெளியிடப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்; விண்டோஸுக்கு மட்டும் என்றால் அந்தக் கணினியில் விண்டோஸை நீக்கக் கூடாது. உள் வைஃபை அட்டைக்கு எந்த வழியும் பிடிபடாத லேப்டாப்பில், கெர்னலிலேயே டிரைவர் இருக்கும் சிறிய யு.எஸ்.பி. வைஃபை டாங்கிள் ஒன்றைச் செருகி வேலையைத் தொடரலாம். கடையில் வாங்குவதற்கு முன் அதன் சிப் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, டிரைவர் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.